திருவிழா லைவில் எல்இடி ஸ்க்ரீனை பிஜிஎம் பஸ்ஸோடு கோர்த்த விதம்

குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் திருவிழா லைவ் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரே ஸ்விட்ச்சரிலிருந்து (பல கேமராவில் எது வெளியே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி) இரண்டு கூட்டத்துக்குப் படம் போக வேண்டும். யூடியூபிலும் லோக்கல் கேபிளிலும் பார்ப்பவர்கள் ஒரு பக்கம்: வீட்டை விட்டு இறங்க முடியாத வயதானவர்கள், குவைத்திலும் துபாயிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள். கத்தோலிக்கக் கோயில் முற்றத்தில் மணலில் உட்கார்ந்து எல்இடி ஸ்க்ரீனைப் பார்க்கும் ஊர்ஜனம் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் ஒரே படத்தைக் கொடுத்தால் சரிவராது. ஸ்க்ரீனுக்கென்று தனியாகக் கட் பண்ண இன்னொரு ஆளை பத்து நாளும் உட்கார வைத்தால் கட்டுப்படியாகாது.

ஒரே படம் ஏன் ஆகாது என்று கேட்பவர்களுக்கு முதலில் ஜிப்பைத்தான் (நீளக் கையின் முனையில் ஏறி இறங்கும் கேமரா) காட்டுவேன். ஜிப் கேமரா மேலே ஏறி மேடையை முழுதாகக் காட்டும்போது ஃப்ரேமுக்குள் எல்இடி ஸ்க்ரீனும் வந்துவிடுகிறது. அந்த ஸ்க்ரீனில் ஓடுவது அதே ஜிப் படம் என்றால், சலூனில் எதிரெதிரே மாட்டிய கண்ணாடி மாதிரி ஸ்க்ரீனுக்குள் ஸ்க்ரீன், அதற்குள் இன்னொரு ஸ்க்ரீன் என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். திருப்பலி நடக்கும் இடத்தில் அதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். அடுத்தது விளம்பரம். லைவில் போடும் நகைக்கடை விளம்பரம் கோயில் முற்றத்தில் ஓடக்கூடாது என்று எல்லா ஊர் நிர்வாகமும் சொல்லும், அது நியாயமும்கூட. மூன்றாவது பாட்டு வரி. வீட்டில் பார்ப்பவருக்குப் பாடகர் குழுவின் முகமும் கீழே இரண்டு வரியும் போதும், முற்றத்தில் கூடப் பாடுகிற சனத்துக்கு முழுப் பக்கமும் பெரிய எழுத்தில் வேண்டும்.

அதனால் ஸ்க்ரீன் லைவைப் பின்தொடரவும் வேண்டும், சில இடத்தில் லைவ் காட்டுவதை விட்டு வேறொன்றைக் காட்டவும் வேண்டும். இதைத்தான் ஸ்விட்ச்சர் பாஷையில் பஸ் லிங்க் என்கிறார்கள். பஸ் என்பது எந்தப் படம் வெளியே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டன் வரிசை; லைவுக்கானது பிஜிஎம், மற்ற அவுட்களுக்கானது ஆக்ஸ். ஒரு பஸ்ஸில் ஒரு பட்டனை அழுத்தினால், அதோடு கோர்க்கப்பட்ட இன்னொரு பஸ்ஸிலும் சோர்ஸ் (உள்ளே வரும் படம்) தானாக மாறும். பெரிய ஸ்விட்ச்சர்களில் இது உள்ளுக்குள்ளேயே உண்டு. சோனியின் பெரிய வகைகளில் எந்த பஸ் தலைமை, எது பின்தொடரும், தலைமையில் இந்த பட்டன் என்றால் அங்கே எந்த பட்டன் என்பது வரைக்கும் அட்டவணையாகவே போட்டு வைக்கலாம். ரோலண்டின் சில மாடல்களில் ஆக்ஸை பிஜிஎம்மோடு இணைக்கும் அமைப்பு மெனுவிலேயே இருக்கிறது. எங்களிடம் இருப்பது பிளாக்மேஜிக்கின் ஏடெம் 1 எம்ஈ கான்ஸ்டலேஷன் எச்டி. 10 எஸ்டிஐ (வீடியோ கேபிள்) இன்புட், 6 ஆக்ஸ் அவுட், விலைக்கு அருமையான பெட்டி, ஆனால் இப்படி அட்டவணை போட்டு பஸ்ஸைக் கோர்க்கும் மெனு அதில் இல்லை. வெளியிலிருந்துதான் கோர்க்க வேண்டும்.

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் ஒரு ஊர்த் திருவிழாவுக்காக இதை உட்கார்ந்து செய்தோம். கொடியேற்றத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் எங்கள் ஷெட்டில் ஆக்ஸ் 2-ல் ஒரு பழைய டிவியைச் செருகி, அதுதான் எல்இடி ஸ்க்ரீன் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தோம். ஆக்ஸ் 1 என்கோடருக்கும் (யூடியூபுக்கு அனுப்பும் பெட்டி) கேபிளுக்கும், ஆக்ஸ் 2 எல்இடி ஸ்க்ரீனை ஓட்டும் ப்ராசஸருக்கு.

முதலில் லேசான வழிகள். ஆக்ஸ் 2-ஐ நேராக பிஜிஎம் என்று வைப்பது எல்லோரும் செய்வது, அதில் மேலே சொன்ன மூன்று பிரச்சினையும் அப்படியே இருக்கும். கொஞ்சம் மேலானது க்ளீன் ஃபீட் 1. அது டவுன்ஸ்ட்ரீம் கீ (டிஎஸ்கே, படத்தின் மேல் கடைசியாக எழுத்தையோ லோகோவையோ ஒட்டும் இடம்) ஏறுவதற்கு முன்னால் எடுக்கிற படம். டிஎஸ்கே-யில் போடும் பெயர்ப் பட்டையும் சேனல் லோகோவும் ஸ்க்ரீனுக்குப் போகாது, மிக்ஸ் (ஒரு படம் இன்னொன்றாகக் கரைந்து மாறுவது) எல்லாம் மிக்ஸாகவே அழகாக வரும். ஊருக்கே தெரிந்த பங்குச் சாமியாருக்கு ஸ்க்ரீனில் பெயர் போட வேண்டிய தேவையில்லை, அந்த மட்டில் க்ளீன் ஃபீட் போதும். ஸ்க்ரீன் ஃப்ரேமில் விழாத மாதிரி கேமராக்கள் நிற்கிற சின்ன நிகழ்ச்சிக்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். ஆனால் ஜிப் பிரச்சினை க்ளீன் ஃபீடிலும் தீராது.

அடுத்தது மேக்ரோ, அதாவது பல கட்டளைகளைப் பதிந்து ஒரே பட்டனில் ஓட்டுவது. ஏடெமில் 100 மேக்ரோ வைக்கலாம். "பிஜிஎம்மில் 4, ஆக்ஸ் 2-ல் 1" என்று ஒரே மேக்ரோவில் இரண்டையும் பதிந்துவிட்டால், ஓட்டும்போது இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன, நேர வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. இதில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. கட் பண்ணுகிறவன் கை பல வருஷமாக ப்ரிவியூ வரிசையில் (அடுத்து வரப்போகும் படம்) ஒன்றை எடு, கட் அடி அல்லது ஆட்டோ (தானாக மிக்ஸ் ஆவது) அடி என்று பழகியது. பேனலின் பிஜிஎம் பட்டன் எதுவும் மேக்ரோவைக் கூப்பிடாது, மேக்ரோவுக்கென்று தனி பட்டனுக்குப் போக வேண்டும். தேர்பவனி நேரத்தில் வாணமும் பேண்டும் சத்தம் போட, ஒரு கண் மல்டிவியூவிலும் (எல்லா கேமராவும் ஒன்றாகத் தெரியும் திரை) ஒரு காது டாக்பேக்கிலும் (கேமராக்காரர்களோடு பேசும் லைன்) இருக்கிற ஆளிடம் "இனிமேல் வேறு பட்டன் அழுத்து" என்று சொல்வது நடக்கிற காரியம் இல்லை. எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் உண்டு: ஆபரேட்டர் தன் பழைய பழக்கத்திலேயே வேலை செய்ய வேண்டும், லிங்க்தான் அவர் பின்னால் ஓட வேண்டும்.

அதற்கு ஏற்றது பிட்ஃபோகஸ் கம்பானியன். இலவச மென்பொருள், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். ஏடெம் தன் நிலை மாறும்போதெல்லாம் நெட்வொர்க்கில் இணைந்திருக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறது, யூடிபி 9910 போர்ட்டில். கம்பானியன் அதைக் கேட்டுக்கொண்டிருந்து, நாம் சொன்ன நிபந்தனை பொருந்தியதும் திருப்பி ஒரு கட்டளை அனுப்பும். இதற்கு ட்ரிகர் என்று பெயர். யார் பிஜிஎம்மை மாற்றினாலும், பேனலில் மாற்றினாலும் லேப்டாப்பில் மாற்றினாலும், ட்ரிகர் வேலை செய்யும்.

எந்த சோர்ஸுக்கு எது என்ற அட்டவணையைப் பேப்பரில் எழுதி, பங்குப் பேரவை ஆட்களோடு உட்கார்ந்து முடிவு பண்ணினோம். இந்த வேலையில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான், மென்பொருளுக்கு இல்லை. கேமரா 1 பீடத்தின் நேர் க்ளோஸ், அது லைவில் வந்தால் ஸ்க்ரீனிலும் அதுவே. கேமரா 2 மறையுரை நடக்கும் இடம், அதுவும் அப்படியே. கேமரா 3 பாடகர் குழு. இது லைவில் போனால் ஸ்க்ரீனுக்கு இன்புட் 7, அதாவது பாட்டு வரி முழுப் பக்கமாக ஓடும் லேப்டாப். கேமரா 4 ஜிப், ஸ்க்ரீனுக்குக் கேமரா 1. கேமரா 5 மேடையிலிருந்து சனத்தைப் பார்ப்பது. அதைப் பற்றித்தான் பேச்சு நீண்டது. சாமியார் தெளிவாகச் சொன்னார்: "பூசை நேரத்துல சனங்க முகத்த ஸ்க்ரீன்ல காட்டாதீங்க தம்பி, எல்லாரும் தலைய கோதத் தொடங்கிருவாங்க." அதனால் திருப்பலியில் 5-க்கும் கேமரா 1 தான். கலைநிகழ்ச்சி இரவில் மட்டும் 5-க்கு 5. ட்ரோன் இன்புட் 6, ஸ்க்ரீனுக்கும் அதே ட்ரோன், கடலும் தேரும் ஒன்றாக வரும் அந்தப் படத்தை முற்றத்தில் இருப்பவர்களும் பார்க்கட்டும். இன்புட் 8 விளம்பர லேப்டாப், அது வந்தால் ஸ்க்ரீனுக்கு மீடியா பிளேயர் 1-ல் ஏற்றி வைத்த திருவிழா போஸ்டர்.

ஏடெமுக்குள் ஒவ்வொரு சோர்ஸுக்கும் ஒரு எண் உண்டு. கேமராக்கள் 1, 2, 3 என்று இன்புட் எண்ணாகவே போகும், மீடியா பிளேயர் 1 என்பது 3010, க்ளீன் ஃபீட் 1 என்பது 7001, பிஜிஎம் 10010. எல்லாவற்றையும் ஒரே வாய்ப்பாடாக எழுதி ஒரே ட்ரிகரில் முடிக்கவும் கம்பானியனில் வழி இருக்கிறது, அதற்கு இந்த எண்கள் வேண்டும். எனக்கு அதில் விருப்பம் இல்லை. சோர்ஸுக்கு ஒரு ட்ரிகர் என்று தனித்தனியாக வைத்து, "ஜிப் வந்தால் பீடம்" என்று தமிழிலேயே பெயரிட்டால், நான் இல்லாத நாளில் வேறு பையன் வந்து உட்கார்ந்தாலும் பட்டியலைப் பார்த்தே புரிந்துகொள்வான். 5-க்கு 1 என்பதை அணைத்து 5-க்கு 5 என்பதைப் போடுவது ஒரே டிக் வேலை.

இதுவரைக்கும் எல்லாம் கட் அடிக்கும்போது சுத்தமாக வந்தது. பிஜிஎம் மானிட்டரையும் ஆக்ஸ் டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தால் ஆக்ஸ் சில ஃப்ரேம் பிந்தி மாறுவது தெரிகிறது. ஏடெம் சொல்லி, பை கேட்டு, திருப்பிச் சொல்லி வரும் நேரம் அது. 1080பி50-ல் ஒரு ஃப்ரேம் 20 மில்லிசெகண்ட், மணலில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. சண்டை மிக்ஸில் இருந்தது.

ஆட்டோ அடித்து மிக்ஸ் ஓடும்போது, ஏடெமைப் பொறுத்தவரை பிஜிஎம் பஸ்ஸில் இருப்பது பழைய சோர்ஸ்தான். மிக்ஸ் முழுதும் முடிந்த பிறகே பிஜிஎம்மும் ப்ரிவியூவும் இடம் மாறும். ஆகவே பிஜிஎம் மாற்றத்தை மட்டும் பார்க்கும் ட்ரிகர், மிக்ஸ் முடிந்ததும்தான் ஸ்க்ரீனை வெட்டும். பாட்டுக்கு இரண்டு விநாடி மிக்ஸ் வைத்தால் ஸ்க்ரீன் இரண்டு விநாடி பிந்துகிறது. அதிலும் ஜிப்புக்கு மிக்ஸ் பண்ணும்போதுதான் மோசம். லைவில் ஜிப் படம் மெல்ல வந்து நிற்கும், அதற்குள் எல்இடி ஸ்க்ரீனில் கேமரா 2 ஓடிக்கொண்டிருக்கும், படம் முழுதாக வந்து நின்ற அந்த நொடியில் உள்ளே இருக்கும் ஸ்க்ரீன் மட்டும் சடக்கென்று கேமரா 1-க்குத் தாவும். வீட்டில் பார்ப்பவருக்கு அது தெளிவாகத் தெரியும்.

ஸ்க்ரீன் மிக்ஸின் தொடக்கத்திலேயே மாறிவிட்டால் இது தீர்ந்தது. ஏடெம் "மிக்ஸ் நடந்துகொண்டிருக்கிறது" என்ற நிலையையும் சொல்கிறது. எனவே இரண்டாவது வகை ட்ரிகர்: மிக்ஸ் தொடங்கியது, ப்ரிவியூவில் 4 இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்தால் ஆக்ஸ் 2-ஐ 1-க்குக் கொண்டுபோ.

உடனே அடுத்த சிக்கல் எழும்பியது. பெயர்ப் பட்டை சிலவற்றை அப்ஸ்ட்ரீம் கீயில் (மிக்ஸோடு சேர்ந்தே ஏறி இறங்கும் கீ) வைத்து ஆட்டோவிலேயே ஏற்றி இறக்குகிறோம். அப்போதும் ஏடெம் "மிக்ஸ் நடக்கிறது" என்றுதான் சொல்லும், ஆனால் பின்னணிப் படம் மாறுவதில்லை, கீ மட்டும்தான் ஏறுகிறது. ட்ரிகர் அதைப் புரிந்துகொள்ளாமல் ப்ரிவியூவில் சும்மா நிற்கும் சோர்ஸுக்கான படத்தை ஸ்க்ரீனில் போட்டுவிடும். மறையுரைக்கு நடுவில் பெயர்ப் பட்டை ஏற்றினால் ஸ்க்ரீன் பாட்டு வரிக்குத் தாவும் என்று கற்பனை பண்ணிப் பாருங்கள். இதற்கு மருந்து, பேனலில் நெக்ஸ்ட் டிரான்சிஷன் வரிசையில் இருக்கும் பிகேஜிடி (பேக்ரவுண்ட், பின்னணிப் படம்) பட்டன். அது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் மூன்றாவது நிபந்தனையாகச் சேர்த்தோம். அப்புறம் கீ மட்டும் ஏறும்போது ஸ்க்ரீன் அசையவில்லை.

டி-பார், அதாவது கையால் தள்ளி மிக்ஸ் பண்ணும் நெம்புகோல், இன்னொரு விஷயம். பாதி வரை தள்ளிவிட்டு "வேண்டாம்" என்று திரும்ப இழுப்பது எல்லா ஆபரேட்டருக்கும் உள்ள பழக்கம். தள்ளத் தொடங்கியதுமே ஸ்க்ரீன் மாறிவிட்டது, திரும்ப இழுத்தால் பிஜிஎம் மாறவே இல்லை, ஆகவே ஸ்க்ரீனைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர யாரும் இல்லை. இதற்குத் தனி ட்ரிகர் எழுதாமல் முதல் வகையின் நிபந்தனையையே கொஞ்சம் மாற்றினோம். "பிஜிஎம்மில் 2 இருக்கிறது" என்பதோடு "மிக்ஸ் எதுவும் நடக்கவில்லை" என்பதையும் சேர்த்தால் போதும். மிக்ஸ் தொடங்கியதும் நிபந்தனை பொய்யாகிறது. முடிந்ததும், அது முன்னே போய் முடிந்தாலும் பின்னே வந்து முடிந்தாலும், அந்த நேரத்தில் பிஜிஎம்மில் எது இருக்கிறதோ அதற்கான நிபந்தனை மறுபடி உண்மையாகிறது, ஸ்க்ரீன் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது. இந்த ஒரு வரி மாற்றம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கட், ஆட்டோ, டி-பார் மூன்றும் இதிலேயே அடங்கிவிட்டன.

இதோடு இன்னொரு நிபந்தனையும் எல்லா ட்ரிகரிலும் உண்டு: லிங்க் ஆன். கம்பானியனில் லிங்க் என்று ஒரு மாறி வைத்து, அதற்கு ஸ்ட்ரீம் டெக்கில் (நாம் சொன்ன வேலையைச் செய்யும் பட்டன் பலகை) ஒரு பட்டன் கொடுத்தோம், ஆனில் பச்சை, ஆஃபில் சிவப்பு. எழுந்தேற்ற நேரத்தில் (சாமியார் அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்திக் காட்டும்போது) ஸ்க்ரீனில் பீடத்தைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது. லைவில் ஆபரேட்டர் என்ன வெட்டினாலும் சரி, முற்றத்தில் முழங்காலில் நிற்கும் சனத்தின் முன்னால் படம் தாவக்கூடாது. அதனால் பக்கத்திலேயே இன்னொரு பட்டன், அழுத்தினால் லிங்க் ஆஃப் ஆகி ஆக்ஸ் 2 கேமரா 1-ல் நின்றுவிடும். மறுபடி லிங்க் ஆன் பண்ணியதும் நிபந்தனை புதிதாக உண்மையாவதால், அடுத்த கட் வரைக்கும் காத்திருக்காமல் ஸ்க்ரீன் உடனே லைவோடு சேர்ந்துகொள்ளும்.

கோர்ப்பது ஒரு பக்கமாக மட்டும் இருக்கட்டும். ஆக்ஸில் கையால் மாற்றினால் பிஜிஎம்மும் மாறட்டும் என்று சிலர் கேட்பார்கள், சம்மதிக்காதீர்கள். ஒன்று மற்றொன்றைத் தள்ள, அது திரும்ப இதைத் தள்ள, லைவில் படம் தானாக மாறத் தொடங்கினால் எங்கே பிடித்து நிறுத்துவது என்றே தெரியாது. பிஜிஎம் தலைமை, ஆக்ஸ் பின்னால், அவ்வளவுதான்.

களத்தில் முதல் நாள் வெளியே வந்த விஷயம் டேலி, அதாவது லைவில் இருக்கும் கேமராவில் எரியும் விளக்கு. ஜிப் லைவில் போகும்போது ஸ்க்ரீனில் ஓடுவது கேமரா 1. ஆனால் டேலி லைட் பிஜிஎம்மையும் ப்ரிவியூவையும் மட்டும்தான் பார்க்கும், ஆக்ஸைப் பார்க்காது. கேமரா 1-ல் நின்ற அண்ணன் தன் சிவப்பு விளக்கு அணைந்ததும் வழக்கம்போல ஃபோகஸ் சரிபார்க்க உள்ளே ஜூம் போகத் தொடங்கியவர், ஸ்க்ரீனைத் திரும்பிப் பார்த்துவிட்டு டாக்பேக்கில் கூப்பிட்டார்: "மக்கா, எனக்கு லைட்டு எரியல்ல, ஆனா ஸ்க்ரீன்ல நான்தான் கெடக்கேன்." அவர் கண்டுபிடித்துச் சொன்னது பெரிய உதவி. ஆக்ஸ் 2-ல் எந்த சோர்ஸ் என்பதையும் கம்பானியனில் பட்டன் நிறமாகக் காட்டலாம். ஒரு பழைய போனில் கம்பானியனின் டேப்லெட் பக்கத்தைத் திறந்து, முழு ஸ்க்ரீனுக்கு ஒரே பட்டன் வைத்து, கேமரா 1 ஸ்க்ரீனில் இருந்தால் மஞ்சள் என்று போட்டு ட்ரைபாடில் டேப் அடித்து ஒட்டிவிட்டோம். சிவப்போ மஞ்சளோ எரிந்தால் அசையாதே என்பதுதான் அதற்குப் பிறகு விதி. அட்டவணையில் ஒரு கேமராவை இன்னொன்றுக்கு மாற்றாக எழுதும்போதே இந்த மஞ்சள் விளக்குக்கும் ஏற்பாடு பண்ணிவிடுங்கள்.

நெட்வொர்க்கில் ஏடெம், பேனல், பை மூன்றுக்கும் தனியாக ஒரு சின்ன ஸ்விட்ச், நிலையான ஐபி. ஏடெம் பொதுவாக 192.168.10.240 என்ற முகவரியோடு வரும், அதை அப்படியே விட்டு மற்றவற்றை அதே வரிசையில் வைத்தோம். யூடியூப் அனுப்பும் ரவுட்டரோடு இதைக் கலக்காதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் வைஃபை பாஸ்வேர்டு எப்படியும் ஊருக்குத் தெரிந்துவிடும். டேலி போனுக்கு மட்டும் தனி ஆக்சஸ் பாயின்ட், அதன் பெயரை மறைத்து வைத்தோம். கடல் காற்றில் பிஎன்சி (வீடியோ கேபிள்) முனையில் உப்பு பிடிப்பது தெரிந்த கதை, தினமும் மாலை செருகும் முன் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது நல்லது.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளிக்கு ஏடெமும் பையும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். பை மட்டும் விழுந்தால் பயமில்லை, ஆக்ஸ் 2 கடைசியாக இருந்த படத்திலேயே நிற்கும், லைவுக்கு ஒன்றும் ஆகாது, ஆபரேட்டர் பேனலிலேயே ஆக்ஸ் 2-ஐ க்ளீன் ஃபீட் 1-க்கு மாற்றிவிட்டு ஜிப்பைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்தினால் அன்றைய பொழுது ஓடிவிடும். பை திரும்ப எழும்பியதும் லிங்க் பட்டனை ஒருமுறை அணைத்துப் போட்டால் ஸ்க்ரீன் சரியான இடத்துக்கு வந்துவிடும். ஏடெமில் ஸ்டார்ட்அப் நிலையைச் சேமிக்கும்போது ஆக்ஸ் 2-ல் போஸ்டர் இருக்கும்படி பார்த்துச் சேமித்தோம்.

லைவ் முடிந்து ஃபேட் டு பிளாக் போட்டாலும் ஸ்க்ரீன் இருண்டுபோகாது, ஆக்ஸில் நேராகக் கேமரா ஓடுவதால். லைவ் முடிந்த பிறகும் மைக்கில் அறிவிப்பு தொடரும் ஊர்களில் இது நல்ல வசதி.

இந்த முறையில் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. ஆக்ஸில் எப்போதும் கட் மட்டும்தான், மிக்ஸ் வராது. ஆராதனையில் லைவ் மெதுவாகக் கரைந்து மாறும்போது ஸ்க்ரீன் வெட்டி மாறுவது எனக்குப் பிடிக்கவில்லை, அந்த நேரத்தில் லிங்க்கை அணைத்து பீடத்திலேயே நிறுத்திவிடுகிறோம். 2 எம்ஈ மாடல் (படத்தை மாற்றி மிக்ஸ் பண்ணும் பகுதி இரண்டு உள்ளது) கையில் வந்தால் ஸ்க்ரீனுக்கு இரண்டாவது எம்ஈ-யையே கொடுத்து, முதல் எம்ஈ-யின் ப்ரிவியூவில் எது வருகிறதோ அதற்கான மாற்றை இரண்டாவதின் ப்ரிவியூவில் வைத்து, ஆட்டோவை இரண்டுக்கும் சேர்த்து அடிக்கலாம். நாங்கள் எழுதிய நிபந்தனைகளில் பெரும்பாலானவை அதற்கும் அப்படியே பொருந்தும், ஆக்ஸ் என்று இருக்கும் இடத்தில் எம்ஈ 2 ப்ரிவியூ என்று மாற்ற வேண்டும். டி-பாரை மட்டும் அங்கே தனியாக யோசிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் கை தள்ளும் வேகத்திலேயே இரண்டாவது எம்ஈ-யும் நகர வேண்டும். வாடகைக்கு ஒரு பெட்டி சொல்லி வைத்திருக்கிறோம், வந்ததும் ஷெட்டில் அதே பழைய டிவியைச் செருகி அதைத்தான் முதலில் பார்ப்போம்.